ஜார்தினியேரா (இத்தாலியக் காய்கறி ஊறுகாய்) வீட்டில் போடுவதா, கடையில் வாங்குவதா? சில பாட்டிலில் எண்ணெய் இருக்கிறதே, ஏன்?

எண்ணெய் இருந்தால் அது பெரும்பாலும் சிகாகோ வகை. காரமான மிளகாய் சேர்த்து எண்ணெயில் ஊறவைப்பார்கள், அங்கே இத்தாலியன் பீஃப் சாண்ட்விச்சின் மேல் அள்ளிப் போடுவது அதைத்தான். இத்தாலியில் போடுவது பெரும்பாலும் வினிகரில்தான், காரம் கிடையாது, காலிஃப்ளவர், கேரட், செலரி, குடைமிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் கலந்து, பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளோடு தொட்டுக்கொள்வார்கள். பெயருக்கு 'தோட்டக்காரி' என்று அர்த்தம், பொருத்தம்தான்.

வீட்டில் போடுவது ரொம்பச் சுலபம். 1 கிலோ காய்க்கு அரை லிட்டர் வெள்ளை வினிகர் (5% அமிலம் உள்ளது), அரை லிட்டர் தண்ணீர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 மேசைக்கரண்டி உப்பு, மிளகு, பிரிஞ்சி இலை. கொதி வந்ததும் முதலில் கேரட், 2 நிமிடம் கழித்து காலிஃப்ளவர், செலரி, வெங்காயம், கடைசியில் குடைமிளகாய், அப்புறம் 2 நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் கடித்தால் நறுக்கென்று இல்லாவிட்டால் அது ஜார்தினியேராவே இல்லை (நான் முதல் தடவை கூட்டு மாதிரி குழைத்துவிட்டேன்). சுத்தமான பாட்டிலில் காய் மூழ்கும்படி ஊற்றி ஃபிரிட்ஜில் ஒரு வாரம் விடுங்கள்.

வீட்டில் எண்ணெயில் போட்டால் அதை வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில், அமிலம் போதாவிட்டால், போட்டுலிசம் என்ற கடுமையான உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளரும். வாங்குவதானால் லேபிளைப் பாருங்கள்: பொருள் பட்டியலில் வினிகர் முன்னால் வர வேண்டும், அடியில் காய்த்தூள் படிந்து கலங்கியிருந்தால் வேண்டாம்.