வாசகர் கேள்வி பதில்: கைபேசி வாலட்டும் அது கேட்கும் கையொப்பங்களும்

கைபேசியில் கிரிப்டோ வாலட்டை நிறுவி, அதன் வழியாக டிஆப் எனப்படும் பரவலாக்கப்பட்ட செயலிகளைப் பயன்படுத்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே இடம்பெறுகின்றன. எந்த நாணயம் விலை ஏறும் என்று கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். அது இந்தப் பகுதியின் வேலை அன்று. பதில்கள் பெரும்பாலும் எத்திரியம் என்ற பிளாக்செயினையும் அதே முறையில் இயங்கும் நெட்வொர்க்குகளையும் மனத்தில் கொண்டவை.

கேள்வி: கைபேசி தொலைந்தால் வாலட்டில் உள்ள நாணயங்களும் போய்விடுமா? கைரேகைப் பூட்டு போட்டிருக்கிறேன். அது போதாதா?

பதில்: நாணயங்கள் உங்கள் கைபேசியில் இல்லை. எந்த முகவரிக்கு எவ்வளவு உரியது என்ற கணக்கு, ஆயிரக்கணக்கான கணினிகள் ஒருசேரப் பேணும் பிளாக்செயினில் இருக்கிறது. அந்தக் கணக்கை மாற்றும் கையொப்பத்தை இடுவதற்கான தனிச்சாவி மட்டுமே கைபேசியில் இருக்கிறது. வாலட்டை உருவாக்கும்போது உங்களுக்குக் காட்டப்பட்ட 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களிலிருந்து அந்தச் சாவி கணக்கிட்டுப் பெறப்படுகிறது. பிப்-39 என்ற நெறி 2013-இல் பிட்காயின் மென்பொருள் உருவாக்குநர்கள் சிலரால் முன்வைக்கப்பட்டது. 2048 சொற்கள் கொண்ட அதன் பொதுப் பட்டியலையே பெரும்பாலான வாலட்டுகள் பின்பற்றுவதால், ஒரு நிறுவனத்தின் வாலட் தந்த சொற்களை அதே வரிசையில் இன்னொரு நிறுவனத்தின் வாலட்டில் இட்டும் கணக்கைத் திரும்பப் பெற முடியும்.

எனவே, கைபேசி போனாலும் சொற்கள் இருந்தால் இழப்பு இல்லை. கைபேசி திருடுபோயிருந்தால், வேறொரு கருவியில் கணக்கை மீட்டு, புதிய சொற்களோடு உருவாக்கிய இன்னொரு வாலட்டுக்கு இருப்பை உடனே மாற்றிவிடுவது நல்லது. இரண்டும் போய்விட்டால், வாலட்டை உருவாக்கிய நிறுவனம் உட்பட எவராலும் மீட்டுத்தர முடியாது. கைரேகையும் கடவு எண்ணும் அந்த ஒரு கைபேசியில் உள்ள செயலியை மட்டுமே பூட்டுகின்றன. சொற்களை அறிந்தவருக்கு உங்கள் கைரேகை தேவைப்படாது.

அந்தச் சொற்களைத் திரைப்பிடிப்பு எடுத்து வைப்பது பலருக்கும் இயல்பாக வரும் பழக்கம். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் விவரித்த ஸ்பார்க்கேட் என்னும் தீநிரல், கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் இரண்டிலும் கிடைத்த சில செயலிகளுக்குள் ஒளிந்திருந்து, கைபேசியில் சேமித்த படங்களில் உள்ள எழுத்துகளைப் படித்து, இத்தகைய மீட்புச் சொற்களைத்தான் தேடியது. தாளில் எழுதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைப்பது பழைய முறைதான். அதைவிட எளிய முறையை நான் இன்னும் காணவில்லை.

கேள்வி: வாலட்டுக்குள் இருக்கும் பிரௌசரில் டிஆப்பைத் திறப்பது நல்லதா, கைபேசியின் வழக்கமான பிரௌசரில் திறந்து வாலட்கனெக்ட் மூலம் இணைப்பது நல்லதா?

பதில்: முதல் முறையில், வாலட் தன் பிரௌசரில் திறக்கும் பக்கத்துக்கு நேரடியாகவே ஓர் இணைப்பு வாயிலைத் தருகிறது. டிஆப் அதன் வழியே முகவரியைக் கேட்கும், கையொப்பம் கேட்கும். செயலி விட்டுச் செயலி தாவ வேண்டியதில்லை என்பதால் இதுவே தடங்கல் குறைந்த வழி. ஆனால், எல்லாக் கைபேசிகளிலும் இது கிடைப்பதில்லை. டிரஸ்ட் வாலட் 2021-இல் ஐபோன் பதிப்பிலிருந்து இந்தப் பிரௌசரை நீக்கிவிட்டது.

இரண்டாவது முறை, டிஆப்பையும் தனியே உள்ள வாலட்டையும் இணைக்க 2018-இல் தொடங்கிய வாலட்கனெக்ட் என்ற நெறி. டிஆப் ஒரு கணினியில் திறந்திருந்தால், திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டை வாலட்டால் படிக்கலாம். டிஆப்பும் வாலட்டும் ஒரே கைபேசியில் இருந்தால் குறியீட்டைப் படிக்க வழியில்லை. பட்டியலில் உங்கள் வாலட்டின் பெயரைத் தொட்டதும் அது தானே திறந்துகொள்ளும். இரண்டுக்கும் இடையே செல்லும் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டு ஓர் இடைநிலைச் சேவையகம் வழியே செல்கின்றன. தனிச்சாவி வாலட்டை விட்டு வெளியேறுவதில்லை. ஒப்புதல் தந்த பிறகு டிஆப் அசையாமல் நிற்பதாகப் பலர் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் கைபேசி பின்னணியில் இருந்த பிரௌசரை உறங்க வைத்திருக்கும். நீங்களே பிரௌசருக்குத் திரும்பிச் சென்றால் பக்கம் விழித்துக்கொள்ளும். அவசரப்பட்டு மறுபடியும் அனுப்பு என்பதை அழுத்தினால் இரண்டு பரிவர்த்தனைகள் போய்ச் சேரக்கூடும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தேடுபொறியின் விளம்பர இணைப்பைத் தொட்டுப் போலித் தளத்துக்குப் போய்ச்சேர்ந்தவருக்கு எந்த முறையும் உதவாது. அடிக்கடி பயன்படுத்தும் டிஆப்பின் முகவரியை ஒரு முறை சரிபார்த்துப் புத்தகக்குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாலட்டை இணைத்த உடனேயே பணத்தை எடுத்துவிடுவார்களா?

பதில்: இல்லை. இணைப்பினால் டிஆப்புக்குத் தெரியவருவது உங்கள் முகவரி மட்டுமே. ஆனால், முகவரி தெரிந்தால் அதன் இருப்பும் அதுவரை நடந்த பரிவர்த்தனைகளும் எவர் கண்ணுக்கும் திறந்தே இருக்கும் என்பதால், புதிய டிஆப்புகளுக்கெனத் தனிக் கணக்கு ஒன்றை அதே வாலட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கட்டணம் எதுவும் கேட்காமல் கையொப்பம் மட்டும் கேட்கிறது ஒரு டிஆப். கட்டணம் இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று நண்பர் சொல்கிறார். சரிதானா?

பதில்: சரியன்று. இந்த நம்பிக்கையால் ஏமாந்தவர்கள் மிகப் பலர் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வாலட் உங்களிடம் கேட்கும் கையொப்பங்கள் மூன்று வகைப்படும். முதல் வகை, இந்த முகவரி உங்களுடையதுதான் என்று மெய்ப்பிக்கும் செய்தி, உள்நுழைவதற்காகக் கேட்கப்படுவது. அதில் தளத்தின் பெயரும் நேரமும் படிக்கக்கூடிய வாசகமாக இருக்கும். இரண்டாவது வகை பரிவர்த்தனை. கட்டணம் உண்டு, பிளாக்செயினில் பதிவாகும். மூன்றாவது வகை, கட்டமைக்கப்பட்ட தரவின் மீதான கையொப்பம். இதற்கும் உங்களிடம் கட்டணம் வாங்கப்படுவதில்லை. ஆனால், பெர்மிட் எனப்படும் ஏற்பாட்டில், பிளாக்செயினில் நீங்கள் வைத்திருக்கும் நாணயம் போன்ற அலகான டோக்கனை இன்னொரு முகவரி எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியையே இத்தகைய கையொப்பம் தருகிறது. அதைப் பெற்றுக்கொண்டவர் தம் கட்டணத்தில் பிளாக்செயினில் சமர்ப்பித்து டோக்கனை எடுத்துச் செல்வார். உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் நீங்கள் அனுப்பியதாக ஒன்றும் இருக்காது. இருப்பு மட்டும் குறைந்திருக்கும். நண்பரின் விதி உடைவது இங்கேதான்.

இரண்டாவது வகைக்குள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு டோக்கனை இன்னொன்றாக மாற்றித் தரும் டிஆப், முதலில் ஒப்புதல் என்ற பரிவர்த்தனையைக் கேட்கும். அதன் பிறகே மாற்றும் பரிவர்த்தனை வரும். ஒவ்வொரு முறையும் கேட்டுத் தொல்லை தர வேண்டாம் என்று கருதி, பல டிஆப்புகள் வரம்பற்ற தொகைக்கு ஒப்புதல் கேட்கின்றன. நீங்கள் 50 டோக்கனை மாற்றிவிட்டு மறந்துபோகலாம், ஒப்புதல் மறப்பதில்லை. ஓராண்டுக்குப் பிறகு அதே டோக்கன் ஆயிரம் உங்கள் கணக்கில் சேர்ந்திருந்தால், அந்த ஆயிரமும் அதே அனுமதியின் கீழ் வரும். தொகையைத் திருத்த வாலட் இடம் தந்தால், மாற்றப்போகும் அளவை மட்டும் எழுதுங்கள். என்எஃப்டி எனப்படும் தனித்துவ டிஜிட்டல் உடைமைகளை வைத்திருப்போருக்கு இதைவிடக் கடுமையான வடிவம் ஒன்று உண்டு; செட் அப்ரூவல் ஃபார் ஆல் என்று திரையில் கண்டால், அந்தத் தொகுப்பில் உங்களிடம் உள்ள அனைத்தையும் ஒரே கையொப்பத்தில் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று பொருள்.

அறியாத தளத்தில்தான் இது நடக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2021 டிசம்பரில் பேட்ஜர்டாவ் என்ற கிரிப்டோ முதலீட்டுத் தளத்தில் திருட்டு நடந்தது. பிளாக்செயினில் இயங்கும் அதன் ஒப்பந்த நிரலில் குறை இல்லை. இணையப் பக்கத்துக்குள் திருடர்கள் நுழைத்த சிறு நிரல், பயனர்களிடம் கூடுதல் ஒப்புதல்களைக் கேட்டது. முகவரி சரி, தளம் சரி, கேட்கப்பட்டது மட்டும் தவறு. இழப்பு ஏறத்தாழ 12 கோடி டாலர். இதனால்தான் டிஆப்பின் பக்கம் சொல்வதை விட வாலட்டின் திரை சொல்வதை நம்ப வேண்டும் என்கிறேன். அங்கே மூன்றைப் பாருங்கள்: எந்த டோக்கன், எவ்வளவு, யாருக்கு. கைபேசித் திரை சிறியது என்பதால் இவை பெரும்பாலும் விவரங்கள் என்ற மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அதைத் திறக்கச் சோம்பல்படாதீர்கள். வாசகமே இல்லாமல் எண்களும் எழுத்துகளுமாக ஒரு நீண்ட சரம் மட்டும் தெரிந்தால் மறுத்துவிடுங்கள். நேர்மையான டிஆப் என்றால் மறுபடியும் கேட்கும்.

கேள்வி: அப்படியானால் முன்பு கொடுத்த ஒப்புதல்களை எப்படி நீக்குவது? வாலட்டில் இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

பதில்: துண்டித்தது உரையாடலை மட்டுமே. ஒப்புதல் பிளாக்செயினில் அப்படியே இருக்கிறது. எத்திரியப் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தின் ஒப்புதல் சரிபார்ப்புப் பக்கத்திலோ ரிவோக் டாட் கேஷ் தளத்திலோ உங்கள் முகவரியை இட்டால் பட்டியல் வரும். பார்ப்பதற்கு வாலட்டை இணைக்கவே வேண்டாம். நீக்குவது ஒரு பரிவர்த்தனை என்பதால் அதற்குக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பெர்மிட் கையொப்பமாகத் தரப்பட்டு இன்னும் சமர்ப்பிக்கப்படாத அனுமதி இந்தப் பட்டியலில் தெரியாது.

கேள்வி: வாலட்டில் ஸ்டேபிள்காயின், அதாவது டாலர் போன்ற நாணயத்தின் மதிப்போடு பிணைத்த டோக்கன், நிறைய இருக்கிறது. ஆனாலும் அனுப்பக் கட்டணம் போதவில்லை என்கிறது. ஏன்?

பதில்: கேஸ் எனப்படும் கட்டணத்தைப் பொதுவாக அந்த நெட்வொர்க்கின் சொந்த நாணயத்திலேயே செலுத்த வேண்டும். எத்திரியத்திலும், அதன்மேல் இயங்கும் ஆர்பிட்ரம், ஆப்டிமிசம் ஆகியவற்றிலும் அது ஈதர்; பாலிகன் நெட்வொர்க்கில் போல் (POL) என்ற நாணயம். ஈதரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்ப 21,000 அலகு கேஸ் தேவை. ஓர் அலகின் விலை 20 குவெய் என்றால் மொத்தம் 0.00042 ஈதர் ஆகும். ஒரு குவெய் என்பது ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு. டோக்கனை மாற்றுவதற்கு இதைவிடப் பல மடங்கு அலகுகள் செலவாகும். தோல்வியுற்ற பரிவர்த்தனைக்கும் கட்டணம் கழியும். கணினிகள் அதை இயக்கிப் பார்த்த உழைப்புக்கான விலை அது.

கேள்வி: அனுப்பிய பரிவர்த்தனை நிலுவையில் என்றே பல மணி நேரமாக நிற்கிறது. அடுத்து அனுப்பியவையும் நகரவில்லை.

பதில்: உங்கள் கணக்கின் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நான்ஸ் என்ற வரிசை எண் உண்டு, முந்தைய எண் முடியாமல் அடுத்தது ஏற்கப்படாது. முதலாவதற்குக் குறைந்த கட்டணம் வைத்திருந்தீர்கள் போலும். வாலட்டில் அதன் மீதே விரைவுபடுத்து அல்லது ரத்து செய் என்பதை அழுத்துங்கள். இரண்டும் அதே எண்ணில் கூடுதல் கட்டணத்தோடு இன்னொரு பரிவர்த்தனையை அனுப்பிப் பழையதை இடம்பெயர்க்கும். செயலியை நீக்கி மறுபடியும் நிறுவுவதால் பயனில்லை.

கேள்வி: நான் கேட்காமலே பெருமதிப்பு காட்டும் டோக்கன்கள் வாலட்டுக்கு வந்துள்ளன. விற்கலாமா?

பதில்: தொடவேண்டாம். விற்கச் சென்றால் டோக்கனின் பெயரிலேயே ஒரு தள முகவரி இருக்கும். அங்கே சென்றதும் மேலே விவரித்த ஒப்புதல் கேட்கப்படும். மறைத்து வைப்பதோடு விட்டுவிடுங்கள். இதன் இன்னொரு வகை, நீங்கள் அண்மையில் பணம் அனுப்பிய முகவரியைப் போலவே முதலும் கடைசியும் அமைந்த போலி முகவரியிலிருந்து சுழியத் தொகை வருவது. கைபேசித் திரையில் 42 எழுத்துகள் கொண்ட முகவரியின் நடுப்பகுதி புள்ளிகளாகச் சுருக்கப்படுவதால், வரலாற்றிலிருந்து நகலெடுப்பவர் போலிக்கே அனுப்பிவிடுவார். முகவரிப் புத்தகத்தில் சேமித்து, அங்கிருந்தே எடுங்கள்.

கேள்வி: உதவி மையத்திலிருந்து எனக் கூறி, கணக்கைச் சரிபார்க்க 12 சொற்களைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கேட்பவர் எவராக இருந்தாலும்.

கேள்வி: வன்பொருள் வாலட் வாங்கிக் கைபேசியோடு இணைத்துவிட்டால் இந்தக் கவலைகள் தீருமா?

பதில்: பாதி தீரும். சாவி கைபேசிக்கு வராமல் தனிக்கருவிக்குள்ளேயே இருப்பதால், ஸ்பார்க்கேட் போன்றவற்றுக்கு எடுக்க ஒன்றும் இருக்காது. ஆனால், தவறான ஒப்புதலில் நீங்களே அக்கருவியின் பொத்தானை அழுத்தினால் அது தடுக்காது. 2025 பிப்ரவரியில் பைபிட் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் களவுபோனபோது, கையொப்பமிட்டவர்கள் இணையத் திரையில் கண்டது ஒன்று, அவர்கள் ஒப்புக்கொண்டது வேறொன்று. ஆகவே, கருவியை வாங்கும்போது, முழு முகவரியையும் தொகையையும் தன் திரையிலேயே காட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சேமிப்பை அதன் கணக்கில் வைத்து, டிஆப்புகளோடு அதை இணைக்காதீர்கள். அன்றாடப் பயன்பாட்டுக்குத் தேவையானதை மட்டும், வேறு சொற்களில் உருவாக்கிய கைபேசி வாலட்டுக்கு அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.