'ஒயிட் எலிஃபென்ட்' என்றால் என்ன? பூர்வீக வீட்டை அப்படிச் சொல்வது சரியா?

யாரோ உங்கள் வீட்டை அப்படிச் சொல்லிவிட்டார்கள், மனது கேட்காமல்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வைத்துக்கொள்ளச் செலவு அதிகம், பயன் இல்லை, தள்ளிவிடவும் முடியாது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒயிட் எலிஃபென்ட். விமானம் வராத விமான நிலையம், ஆட்டம் நடக்காத ஸ்டேடியம் இவற்றைப் பத்திரிகைகளில் இப்படி எழுதுவார்கள். நாம் 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். சயாம் (இன்றைய தாய்லாந்து) ராஜா தனக்கு ஆகாத பிரபுவுக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பாராம். புனித யானை என்பதால் வேலை வாங்கக் கூடாது. தீனி போட்டே அந்தப் பிரபு ஓட்டாண்டி ஆவாராம். கதைதான், உறுதியான ஆதாரம் இல்லை.

எங்கள் வீடு செட்டிநாட்டில், தேவகோட்டைப் பக்கம். ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது பங்காளிக் குடும்பத்துக்குப் பொது. மூன்று வருடம் முன்பு படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) பங்காளிகள் கூடியபோது, இரண்டாங்கட்டு ஒழுகுகிறது, ஓடு மாற்ற வேண்டும் என்று பேச்சை எடுத்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன், "சித்தப்பா, இது ஒயிட் எலிஃபென்ட். தூணைக் கழற்றிக் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் கொடுத்தால் நல்ல விலை வரும்" என்றான். ஆயா (பாட்டி) தினமும் துடைத்துப் பளபளப்பு ஏற்றிய ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

இப்போது சொல்கிறேன். அவன் கல்யாணமே அந்த வீட்டு வளவில்தான், உள்முற்றத்தில்தான் நடந்தது. 600 பேர் பந்தியில் சாப்பிட்டார்கள், மண்டப வாடகை ஒரு பைசா இல்லை. அப்புறம் எப்படிப் பயனில்லாத வீடு? அவன் கழற்றச் சொன்னது பர்மாத் தேக்கு. அந்த நாட்டு ராஜாக்கள் 'வெள்ளை யானைகளின் அதிபதி' என்பதைப் பட்டமாகவே சூடிக்கொண்டவர்கள். நமக்கும் ஐராவதம் வெள்ளைதான். இங்கிலீஷில்தான் அது பாரம்.

செட்டிநாட்டுப் பெருமை அடிக்கிறேன் என்று கமென்ட் போட வேண்டாம். ஒட்டடை அடிக்கிற ஆள் சம்பளத்திலிருந்து கரண்ட் பில் வரை என் கையிலிருந்துதான் போகிறது. ஷூட்டிங்குக்கு விடலாமே என்பார்கள். ஒருமுறை விட்டோம். லைட் கட்ட முகப்புத் தூணில் ஆணி அடித்தார்கள், தரையில் இரண்டு ஆத்தங்குடிக் கல்லை உடைத்தார்கள். கேட்டதற்கு, "ஒட்டிக்கலாம் சார்!" அந்தக் கல் ஒவ்வொன்றும் கண்ணாடி மேல் கையால் வார்த்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

போன ஐப்பசி மழைக்கு முன் ஓடுகளை மாற்றிவிட்டேன். நான்கு புள்ளி பணம் அனுப்பினார்கள். அண்ணன் மகனுடைய பங்கு இன்னும் வரவில்லை.