மாத்திரையா, கொள்ளுப்பருப்பா?

கேள்வி: எனக்கு வயசு 52. வாட்ஸ்அப்பில் பழக்கமான ஏஜென்ட்டிடம் 90 நாள் எடைக்குறைப்பு கிட் 7,800 ரூபாய்க்கு வாங்கினேனுங்க. காலையும் ராத்திரியும் ஷேக், மத்தியானம் ஒரு கிண்ணம் சாப்பாடு. மொத்தம் 800 கலோரிதான். கூடவே 'நல்ல பாக்டீரியா' கேப்சூல். மூணு வாரத்தில் 4 கிலோ இறங்கிடுச்சு. ஆனா மலச்சிக்கல், உப்புசம் தாங்க முடியலை. சொன்னா, "கேப்சூலை ரெண்டாக்குங்க"ங்கிறார். இன்னொரு டப்பா வாங்கலாமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாமுங்க.

நம் குடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிற நார்ச்சத்துதான் அங்குள்ள பாக்டீரியாவுக்குத் தீனி. அதைத் தின்று அவை உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம் குடல் சுவரைப் பேணுகிறது. நீங்கள் அந்தத் தீனியையே குறைத்துவிட்டீர்கள். கட்டுத்தரையில் தீவனம் இல்லாதபோது அந்தியூர் சந்தையில் இன்னும் நாலு மாடு பிடித்துவந்து கட்டினால் பால் கூடுமா?

மாதவிடாய் நின்ற 80 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021இல் நேச்சர் இதழில் வந்தது. மருத்துவர் கண்காணிப்பில் தினம் 800 கலோரியில் இருந்தவர்களுக்கு எடை குறைந்தது. குடல் பாக்டீரியாவும் குறைந்தன. கடும் பேதி உண்டாக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசீல் என்ற கிருமியோ கூடியது. உங்களை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்றே டாக்டரிடம் போங்கள்; சாப்பாடு இவ்வளவு குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கேப்சூலில் வரும் பாக்டீரியா எல்லார் குடலிலும் தங்குவதும் இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் 2018இல் சோதித்தபோது, சிலர் குடல் ஏற்றுக்கொண்டது, சிலர் குடல் அப்படியே வெளியே தள்ளிவிட்டது.

அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தினசரி அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. 'லாக்டோபேசில்லஸ்' என்று குலப்பெயர் மட்டும் போட்டால் போதாது, எந்த இனம், எந்த வகை என்றும் இருக்க வேண்டும். எண்ணிக்கை 'தயாரித்த நாளில்' என்றிருந்தால் அது உங்கள் கைக்கு வந்த நாளின் கணக்கல்ல. '25 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று அச்சிட்ட டப்பா சித்திரை வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வந்தால் உள்ளே எத்தனை உயிரோடு மிஞ்சும்?

ஷேக்கை நிறுத்திவிட்டுக் கம்பு, கொள்ளுப்பருப்பு, அவரைக்காய், கீரை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் கிண்ணம் கிண்ணமாகக் கொள்ளு சாப்பிட்டால் உப்புசம் இன்னும் ஏறும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வீட்டு மோரும் நல்லதுதான். இப்படிச் சாப்பிட்டால் மாதம் 2 கிலோ குறைந்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

பணத்தை விட்டுவிடாதீர்கள். பில், பிரிக்காத டப்பாக்கள், டப்பாவில் உள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் எண் தெரியும்படி ஒரு போட்டோ, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போடுங்கள். "கேப்சூலை ரெண்டாக்குங்க" என்று மெசேஜில் சொல்லியிருந்தால் அதை மட்டும் அழித்துவிடாதீங்கம்மா.