ஆராதனைப் பொறுப்பு விக்கிரகமாகுமா?

சகோதரி, ஆராதனை நடத்தும் உங்கள் பொறுப்பைப் போதகர் வேறொரு சகோதரிக்குக் கொடுத்ததிலிருந்து ஜெபிக்கவே முடியவில்லை, அந்தப் பொறுப்பும் தேவனுடைய இடத்தைப் பிடித்த விக்கிரகமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகலாம். பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்கும்படி கர்த்தர் சொல்லி மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கே பின்னாளில் ஜனங்கள் தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). கர்த்தர் தந்த பொறுப்புதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

ஆனால் வருத்தப்படுவதெல்லாம் விக்கிரகாராதனை ஆகாது. ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள். அந்தச் சகோதரி சுருதி தப்பும்போது உள்ளுக்குள் சந்தோஷம் வருகிறதா? லைவ் வீடியோ கமெண்ட்டுகளில் உங்கள் பெயரைத் தேடுகிறீர்களா? அப்படியென்றால் "எனக்குப் பொறாமை" என்று வெளிப்படையாகவே அறிக்கையிடுங்கள். பொதுவாக "என் பாவங்களை மன்னியும்" என்றால் இது நழுவிவிடும்.

பலர் உடனே பாடகர் குழுவை விட்டே விலகிவிடுவார்கள். அதில் பாதி கோபம்தான். விலகி மனதைக் காலியாக விட்டால் மட்டும் போதாது; காலியான வீட்டுக்கு அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வரும் (மத்தேயு 12:43-45). விலகாமல் பின்வரிசையில் நின்று பாடுங்கள். ஆராதனைக்கு முன் அந்தச் சகோதரிக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். முதலில் மனம் ஒட்டாது, ஒட்டாமலேயே ஜெபியுங்கள். பொறுப்பைத் திரும்பத் தரும்படி போதகரிடம் இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.