ஆக்டின் இழைகள் எங்கே போயின?

கேள்வி: கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் துண்டு) வளர்த்த ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத் திசு செல்களை மெத்தனாலில் நிலைப்படுத்திச் சாயமேற்றினோம். செல் தளத்தோடு ஒட்டும் இடங்களில் இருக்கும் வின்குலின் புரதத்தின் புள்ளிகள் பளிச்சென்று தெரிகின்றன. செல் சட்டகப் புரதமான ஆக்டினின் இழைகளைக் காட்டும் ஃபேலாய்டின் சாயத்தில் மட்டும் மங்கலான பனிமூட்டம்தான். ஆக்டின் இழையே இல்லாமல் செல் ஒட்டியிருக்குமா?
— முதுநிலை உயிரியல் மாணவி

பதில்: இழைகள் இருந்திருக்கும். கெடுத்தது மெத்தனால். ஃபேலாய்டின் உதிரி ஆக்டினைப் பிடிக்காது. இழையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேரும் இடுக்கில்தான் அமரும். மெத்தனால் அந்த அமைப்பையே குலைத்துவிடும். வின்குலினைக் காட்டுவது, இழை அமைப்பை நம்பாமல் அந்தப் புரதத்தையே தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி என்பதால் அது தப்பித்தது.

அடுத்த முறை 4% ஃபார்மால்டிஹைடை 37 டிகிரிக்குச் சூடாக்கி 15 நிமிடம் வையுங்கள். பி.பி.எஸ். உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, செல் சவ்வில் துளையிடும் 0.1% டிரைட்டனில் 5 நிமிடம், பிறகு ஃபேலாய்டினில் இருட்டில் 30 நிமிடம். பாட்டிலில் வரும் ஃபார்மலினிலும் மெத்தனால் கலந்திருக்கும். பாராஃபார்மால்டிஹைடு தூளிலிருந்து புதிதாகத் தயாரித்ததே நல்லது.

கேள்வி: செல் தளத்தைப் பிடிக்கும் ஒட்டுப்புள்ளி முதலில் வருகிறதா, தடித்த ஆக்டின் இழைக்கற்றையா?
— அதே வாசகி

பதில்: புள்ளிதான். செல்லின் முன்விளிம்பில் ஆர்ப் 2/3 புரதம், இருக்கும் இழையின் பக்கவாட்டில் சுமார் 70 டிகிரி சாய்வில் கிளை இழை முளைக்க வைக்கிறது. அந்த வலை வளர்ந்து சவ்வை முன்னே தள்ளும்போது, அதன் அடியில் இன்டெக்ரின், டேலின் என்ற ஒட்டுப் புரதங்கள் கூடி அரை மைக்ரானுக்கும் சிறிய புள்ளிகளாகின்றன. இதுவரை, ஆக்டின் இழைகளை இழுக்கும் மயோசின் புரதத்தின் இழுவிசை தேவையில்லை, ஆக்டின் வளர்ந்தால் போதும். பெரும்பாலான புள்ளிகள் சீக்கிரமே கலைந்துவிடும். மயோசின் இழுக்கும்போது டேலின் நீண்டு, உள்ளே மறைந்திருந்த வின்குலின் பிடிப்பிடங்கள் திறக்கின்றன. அப்படித் தாக்குப்பிடித்த புள்ளி, இழையின் திசையிலேயே பல மைக்ரான் நீளத்துக்கு வளர்கிறது. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி இது!

இதை நீங்களே சோதிக்கலாம். மயோசின் இழுவிசையைக் குறைக்கும் ஒய்-27632 என்ற மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் அரைமணி நேரம் கொடுத்தால் கற்றையும் பெரிய ஒட்டிடங்களும் கரையும்; விளிம்பில் சிறு புள்ளிகள் மிஞ்சும். லாட்ரன்குலின் என்ற இன்னொரு மருந்து உதிரி ஆக்டினையே கட்டிப்போடுவதால் செல் சட்டகமே சரிந்து, செல் சுருங்கி உருண்டுவிடும். அது டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த மருந்து. மருந்து தராத செல்களுக்கும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. கொடுக்க மறக்காதீர்கள். கண்ணாடி மிகக் கடினமான தளம், பெரிய ஒட்டிடங்களை அது மிகைப்படுத்திக் காட்டும். 1 கிலோபாஸ்கல் அளவு மென்மையான பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் அதே செல்களை வளர்த்தால், தடித்த கற்றைகள் அவ்வளவாகத் தெரியாது.