தெளிவா, ஓட்டமா? கேம் கேள்வி – பதில்

கேள்வி: கன்சோலில் கேம் தொடங்கும்போதே ‘குவாலிட்டி’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று இரண்டு மோடு காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. என்னிடம் இருப்பது 55 அங்குல 4கே டிவி. குவாலிட்டியை விட்டுவிட்டால் 4கே டிவி வாங்கியதே வீண் இல்லையா?

பதில்: வீண் இல்லை. குவாலிட்டி என்பது பெரும்பாலும் 4கே-யை ஒட்டிய படம், நொடிக்கு 30 ஃபிரேம் (அடுத்தடுத்து வரும் படம்). பெர்ஃபார்மன்ஸ் என்றால் ரெசல்யூஷனை (படத்தின் பிக்சல் எண்ணிக்கையை) இறக்கிவிட்டு 60 ஃபிரேம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குவாலிட்டிதான் ஜெயிக்கும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை யாரும் விளையாடுவதில்லையே.

கேமராவைத் திருப்புகிறீர்கள், திரையில் ஒரு சுவர் நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ஃபிரேமில் ஒவ்வொரு படமும் 33.3 மில்லிசெகண்ட் அப்படியே நிற்கும். கண்ணோ சுவரைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். படம் நிற்க, கண் நகர, 32 பிக்சல் அகலத்துக்கு இழுவையோ இரட்டைப் படமோ தெரியும். 60 ஃபிரேமில் அது 16 பிக்சல், 120-ல் 8. ஆக, 4கே-யின் 83 லட்சம் பிக்சலும் நீங்கள் நின்று வேடிக்கை பார்க்கும்போதுதான் முழுதாகக் கைக்கு வரும். ஓட ஆரம்பித்தால் தெளிவைத் தருவது ஃபிரேம் ரேட்தான்.

உட்காரும் தூரத்தையும் பாருங்கள். 55 அங்குலத் திரையில் 1080பி (ஃபுல் எச்டி, 4கே-யில் கால்வாசி பிக்சல்) படத்தின் பிக்சலை நல்ல பார்வை உள்ள கண் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது ஏறத்தாழ 7 அடி வரைதான். அதற்கு அப்பால் உட்கார்ந்தால் 4கே-யின் கூடுதல் விவரத்தில் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாது. மின்கம்பி, புல் நுனி போன்றவை மினுக்கும் வித்தியாசம் மட்டும் அப்போதும் தெரியும்.

சண்டை, கார் ரேஸ், துப்பாக்கி என்றால் யோசிக்காமல் பெர்ஃபார்மன்ஸ். முறை வைத்து ஆடும் கேம், புதிர், நிதானமாக நடந்து கதை கேட்கும் கேம் என்றால் குவாலிட்டி வைத்தாலும் நஷ்டமில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில கேம்களில் இரண்டு மோடுக்கும் இடையில் ரெசல்யூஷன் மட்டும் மாறுவதில்லை, ரே டிரேசிங்கும் (ஒளி, நிழல், பிரதிபலிப்பை நிஜம்போல் கணக்கிடுவது) சேர்ந்து போய்விடும். மோடின் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: சினிமா 24 ஃபிரேமில்தானே ஓடுகிறது? அது கண்ணை உறுத்துவதில்லை. கேம் மட்டும் 30-ல் ஏன் தடுக்குகிறது?

பதில்: சினிமா கேமராவின் ஷட்டர் வழக்கமாக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/48 நொடி திறந்திருக்கும். அந்த நேரத்து அசைவு முழுக்க மங்கலாகப் படத்திலேயே பதிந்துவிடும், அதனால் ஒரு படம் அடுத்ததோடு வழுக்கிச் சேர்ந்துகொள்கிறது. கேமில் வருவது கத்தி போன்ற ஒற்றைக் கணம். (மோஷன் பிளர் செட்டிங் அந்த மங்கலைப் போலியாகப் பூசுவதுதான். 30 ஃபிரேமில் அதை அணைக்காமல் வைப்பது நல்லது.) இன்னொன்று, சினிமாவில் ஹீரோ குனிய நீங்கள் பட்டன் அழுத்த வேண்டியதில்லை.

கேள்வி: கணினியில் ரெசல்யூஷனை 1440பி-யிலிருந்து 1080பி-க்கு இறக்கினேன். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) 52-லிருந்து 54 ஆனது, அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் கார்டு பழுதா?

பதில்: பழுதில்லை, கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. 1440பி என்பது சுமார் 36.9 லட்சம் பிக்சல், 1080பி 20.7 லட்சம். வேலை 44 சதவீதம் குறைந்தும் வேகம் ஏறவில்லை என்றால், வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது ப்ராசசர். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார்கள், எது எதன் மேல் மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று ப்ராசசர் முடிவு செய்து பட்டியல் கொடுத்த பிறகுதான் கார்டு வண்ணம் தீட்டும். தெருவில் 200 பேர் நடந்தால் பட்டியலில் 200 பேர்தான். திரை பெரிதோ சிறிதோ, அந்தக் கணக்கு மாறாது.

உறுதி செய்துகொள்ள எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற கண்காணிப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டு, விளையாடும்போதே கார்டின் பயன்பாட்டைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் எல்லை. ஃபிரேம் லிமிட்டும் வி-சிங்க்கும் (ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு பூட்டும் வசதி) அணைத்திருக்கும்போதே 60, 70 சதவீதத்தில் தொங்கினால் அது ப்ராசசருக்காகக் காத்திருக்கிறது. ப்ராசசரின் மொத்தப் பயன்பாட்டு எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள ப்ராசசரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம்தான்.

செய்ய வேண்டியது: ரெசல்யூஷனைத் திரும்ப 1440பி-க்கே ஏற்றிவிடுங்கள், இறக்கியதில் லாபமில்லை. கூட்டத்தின் அடர்த்தி, தொலைவுக் காட்சியின் தூரம், ரே டிரேசிங் ஆகியவற்றை ஒரு படி இறக்குங்கள். ரே டிரேசிங் கார்டின் வேலை மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம், அது ப்ராசசரையும் தின்னும். பிறகு ரேம். ஒற்றைக் குச்சியாக மாட்டியிருந்தால் இரட்டையாக்குங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங் மெனு) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ எனும் ரேம் வேக செட்டிங் இயக்கப்படாமல் இருந்தால் ரேம் அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடாது. லேப்டாப் என்றால் சார்ஜரில் மாட்டாமல் சோதனையே செய்யாதீர்கள்.

கேள்வி: எஃப்பிஎஸ் கவுண்டர் 60 என்றுதான் காட்டுகிறது. ஆனாலும் படம் இடறுகிறது. கவுண்டர் பொய் சொல்லுமா?

பதில்: பொய் சொல்லாது, சராசரி சொல்லும். ஒரு நொடியில் 59 ஃபிரேம் தலா 15 மில்லிசெகண்டில் வந்து, ஒன்று மட்டும் 115 மில்லிசெகண்ட் எடுத்தால் மொத்தம் 1000. கவுண்டரில் 60. உங்கள் கண்ணில் படுவது அந்த 115. ஆகவே எண்ணை விட்டுவிட்டு ஃபிரேம் டைம் கோட்டைத் திரையில் வையுங்கள். அது தட்டையாகப் போக வேண்டும். முள் முள்ளாக எகிறினால், எப்போது எகிறுகிறது என்று பாருங்கள்.

புதிய இடத்துக்குள் நுழையும்போது எகிறி, கார்டின் மெமரியும் நிரம்பியிருந்தால் டெக்ஸ்சர் (பொருட்களின் மேல் ஒட்டும் படம்) தரத்தை ஒரு படி குறையுங்கள். மெமரி காலியாக இருந்தால் டெக்ஸ்சரைக் குறைத்து ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது, உச்சத்திலேயே வைக்கலாம். ஒரு வெடிப்பையோ மந்திரத்தையோ முதல் தடவை பார்க்கும்போது மட்டும் தடுக்கினால் அது ஷேடர் (ஒளி, வண்ணம் கணக்கிடும் சிறு நிரல்) தயாரிப்பு. கேம் திறந்ததும் ‘ஷேடர் தயாராகிறது’ என்று ஓடும் பட்டையை முடியவிடாமல் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் இதை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். சுழலும் ஹார்டு டிஸ்கில் கேம் இருந்தால் எஸ்எஸ்டி-க்கு மாற்றுங்கள்.

முள் இல்லை, ஆனால் எஃப்பிஎஸ் 65-க்கும் 90-க்கும் இடையில் ஊஞ்சலாடுகிறது என்றால் 60-ல் பூட்டிவிடுங்கள். ஆடும் 90-ஐ விட அசையாத 60 மேல். திரையில் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் மாதிரி விஆர்ஆர் (ஃபிரேம் வரும் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும்) வசதி இருந்தால் இந்த ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. அப்போது 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை புதுப்பிக்கும்) திரைக்கு 141 என்று, மூன்று ஃபிரேம் கீழே லிமிட் போடுங்கள். உச்சியில் போய் முட்டினால், பட்டன் அழுத்தி அது திரையில் தெரியும் தாமதம் கூடும்.

கேள்வி: சில கேம்களில் 40 ஃபிரேம் மோடு வருகிறதே, 30-க்கு மேல் வெறும் 10 கூட்டி என்ன பயன்?

பதில்: எஃப்பிஎஸ் கணக்கில் 10, நேரக் கணக்கில் சரிபாதி. 30 என்றால் ஃபிரேமுக்கு 33.3 மில்லிசெகண்ட், 60 என்றால் 16.7. இரண்டுக்கும் நட்டநடு 25, அதுதான் 40. ரெசல்யூஷனை அதிகம் இழக்காமல் பாதி தூரம் வந்துவிடுகிறீர்கள். பிஎஸ்5-ல் ‘ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’ 2021-ல் இதைக் கொடுத்தது. நிபந்தனை ஒன்று: திரை 120 ஹெர்ட்ஸ் ஆக இருக்க வேண்டும். 120-ஐ 40 சரியாக வகுக்கும், ஒவ்வொரு படமும் மூன்று தடவை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் ஒரு தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று நொண்டும். டிவியில் 4கே-யும் 120 ஹெர்ட்ஸும் சேர்ந்து வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 போர்ட் தேவை. பல டிவிகளில் எல்லா போர்ட்டும் அப்படி இருக்காது.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் மாற்றினேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

பதில்: விண்டோஸ் இன்னும் 60-லேயே இருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள். அங்கே 144 தெரியாவிட்டால் கேபிளை டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். கேபிள் மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகியிருக்க வேண்டும்.

கேள்வி: டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போட்டால் தெளிவும் வேகமும் இரண்டும் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: இவை குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து திரையின் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் வசதிகள். 4கே திரையில் கிட்டத்தட்ட உண்மை. 1080பி திரையில் பாதி உண்மை. ‘குவாலிட்டி’ என்று போட்டால் 4கே திரைக்கு உள்ளே வரைவது 2560×1440, 1080பி திரைக்கு வெறும் 1280×720. பெயர் ஒன்று, கச்சாப் பொருள் வேறு. 4கே-யில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ வரை தாராளமாக இறங்கலாம், 1440பி-யில் ‘குவாலிட்டி’யோடு நிறுத்துங்கள், 1080பி-யில் வேறு வழியே இல்லாதபோது மட்டும் போடுங்கள். ரெசல்யூஷனை நேரடியாகக் குறைப்பதைவிட இது எப்போதும் மேல், ஏனென்றால் மெனு, எழுத்து, வரைபடம் எல்லாம் திரையின் முழு ரெசல்யூஷனிலேயே இருக்கும். 1440பி மானிட்டரில் 1080பி படத்தைப் போட்டால் ஒரு பிக்சலை 1.33 பிக்சலாக இழுக்க வேண்டும், எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறிய மாதிரி ஆகிவிடும்.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு சங்கதி. இரண்டு நிஜப் படத்துக்கு நடுவே ஒன்றைச் செய்து சொருக, அடுத்த படத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்தாக வேண்டும். 50-ஐ 100 ஆக்கினால் கண்ணுக்கு 100, கைக்கு 50-ஐ விடக் கொஞ்சம் மந்தம். ஏற்கெனவே 60 வருகிறவர்களுக்கு அது பரிசு. 30-ல் திணறுகிறவர்களுக்கு உதவாது.

கேள்வி: மொபைலில் 90 எஃப்பிஎஸ் வைத்தால் முதலில் பறக்கிறது, கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிறது. எந்த செட்டிங் சரி?

பதில்: சூடு. பெரும்பாலான போனில் ஃபேன் இல்லை. ஒரு எல்லை தாண்டியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மொபைலில் முதலில் பலி கொடுக்க வேண்டியது கிராஃபிக்ஸ் தரத்தைத்தான், கையகலத் திரையில் அந்த இழப்பு தெரியாது. நிழலை அணைத்து, தரத்தை ‘ஸ்மூத்’தில் வைத்து, 90-ஐ அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் 60-க்கு வாருங்கள். கவரைக் கழற்றுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், சார்ஜ் ஏற்றிக்கொண்டே விளையாடாதீர்கள். சோதனையை கேமின் பயிற்சி மைதானத்தில் செய்தால் பயனில்லை. ஆட்கள் கூடி, புகையும் வெடியுமாக இருக்கும் இடத்தில் எண் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் போனின் நிஜ எண்.