எசென்ஸ் உள்ளே போனால் என்ன ஆகிறது? வாசகர் கேள்வி-பதில்

வெனிலா எசென்ஸ் அடிக்கடி சேர்க்கிறேன். அந்த ரசாயனம் உடம்பிலேயே தங்கிவிடுமா?

தங்காது. எசென்ஸில் உள்ள வெனிலின் குடலில் சுலபமாக உறிஞ்சப்பட்டு நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்குள்ள நொதிகள் பெரும்பகுதியை வெனிலிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்புறம் உடம்பிலேயே உள்ள குளூகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ அதோடு ஒட்டிவிடுகின்றன. இப்படி ஒட்டியது தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் சிறுநீரகம் எளிதாக வடித்துத் தள்ளிவிடும். எலிகளிடம் சோதித்தபோது பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழுவின் தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 600 மில்லிகிராம்.

செயற்கை வெனிலின் மட்டும் கெடுதலா?

வெனிலாக் காயிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். கல்லீரலுக்கு இரண்டும் ஒன்றே.

பட்டையில் உள்ள கூமரின் என்ற மணப்பொருள் கல்லீரலைக் கெடுக்குமாமே?

இது நியாயமான கவலை. அமெரிக்கா 1954லேயே கூமரினை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஆனால் எலிச் சோதனையை மட்டும் வைத்து மனிதரை எடைபோடக் கூடாது. எலியின் கல்லீரல் கூமரினைத் தீங்கான பாதையில் உடைக்கிறது. நம்மில் பெரும்பாலோரிடம் சிஒய்பி2ஏ6 என்ற நொதி அதை 7-ஹைட்ராக்சிகூமரின் ஆக்கி அனுப்பிவிடுகிறது. அப்படியும் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. அதனால் ஐரோப்பிய தினசரி வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான். காசியா பட்டையில் கூமரின் அதிகம், சிலோன் பட்டையில் மிகக் குறைவு. தினமும் சேர்ப்பவர் சிலோன் பட்டைக்கு மாறுவது நல்லது.

வெண்ணெய் மணத்துக்கான டைஅசிட்டைல் நுரையீரலைப் பாதிக்கும் என்கிறார்களே, சாப்பிடலாமா?

சாப்பிடுவது வேறு, முகர்வது வேறு. வயிற்றுக்குள் போனால் கல்லீரல் அதை அசிட்டாயின் ஆக்கிச் சமாளித்துவிடும். ஆவியாக உள்ளிழுத்தால் கல்லீரலுக்குப் போகும் முன்பே மூச்சுக்குழாய்ச் சுவரைத் தாக்குகிறது. 2000இல் அமெரிக்காவின் மிசோரியில் ஒரு பாப்கார்ன் ஆலையின் முன்னாள் தொழிலாளர்களிடம் நுரையீரலின் சிறு குழாய்கள் தழும்பேறி அடைபட்டிருந்தது தெரியவந்தது. நாள் முழுக்க அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் அவர்கள்.

விஎம்ஏ சிறுநீர்ப் பரிசோதனைக்கு முன் வெனிலா வேண்டாம் என்றார்கள். ஏன்?

அட்ரினலின் என்ற ஹார்மோன் உடையும்போது உண்டாவதுதான் விஎம்ஏ (வெனிலைல்மேன்டெலிக் அமிலம்). அட்ரினலின் அளவுக்கு மீறிச் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க அதை அளப்பார்கள். பழைய முறையில் அதை வெனிலினாக மாற்றி அளந்தார்கள். சாப்பிட்ட வெனிலாவும் கணக்கில் கலந்து, இல்லாத நோயைக் காட்டிவிடும்! இன்றைய கருவிகள் இரண்டையும் பிரித்தறியும். ஆனாலும் ஆய்வகம் தவிர்க்கச் சொன்னால் தவிர்த்துவிடுங்கள்.